குடியரசின் ஆரமும் பாகூர் வளையமும்

மன்னர் அளித்த சிறப்பணிகளைத் தமிழ் நூல்கள்வழி நன்கறிவோம். பாணர் பொற்றாமரை பெற்றனர். விறலியர் பொன்னரிமாலை பெற்றனர். ஏனாதிக்கு மோதிரமும் எட்டிக்குப் பொற்பூவும் உரியன என்பர் உரையாசிரியர். தொல்காப்பியமும் வஞ்சித்திணையுள் மாராயம் பெறுதலைத் துறையாக்கிற்று. இவையாவும் அளிப்போன் மன்னன், பெறுவோன் அவன்கீழ் வாழ்வோன் என்னும் முறைமேல் நின்றன. மன்னனே இல்லாத குடியரசில் சிறப்பணிக்கு இடம் யாது? வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளை முன்வைத்து இவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

பிரெஞ்சு நாட்டின் 'லெழியோன் தொன்னேர்' என்னும் சிறப்புக்குழு 1802-இல், குடியரசு முறை நிலவிய காலத்திலேயே, நெப்போலியனால் நிறுவப்பெற்றது. 'செவாலியே' அதன் முதற்படி. நெப்போலியன் 1804-இல் பேரரசனானபின், தானும் தன் குடும்பத்தாரும் உயர்பதவியினரும் அணியப் பொன்னாரங்களை ஏற்படுத்தினான். 1881-இல் மூன்றாம் குடியரசு ஆரத்தை மீண்டும் செய்வித்தபோது அதன் பொருள் வேறாயிற்று. அது குழுவின் தலைவராகிய குடியரசுத் தலைவர் ஒருவர்க்கே உரியதாயிற்று. இன்றுள்ள ஆரம் 1953-இல் செய்யப்பட்டது. பதினாறு கண்ணிகளை உடையது. குடியரசுத் தலைவர்தம் பெயர்கள் அதன்கண் பொறிக்கப்படும். தெகோல் அதனை அணிந்தார். பின்னர் அணிதல் ஒழிந்து, பதவியேற்பின்போது ஆரத்தை முன்வைத்துக் காட்டும் வழக்கே நிலைத்தது. ஆகவே அது தலைவரின் உடைமையன்று. தலைமைப் பதவியின் அடையாளமே என்பது தெளிவு.

அவ்வாரம் செய்யப்பெற்றதற்கு முந்திய ஆண்டாகிய 1880-இல்தான் வில்லியனூரும் பாகூரும் கொம்யூன்களாக அமைக்கப்பெற்றன. புதிய ஆரம் தோன்றிய மறு ஆண்டே, 1954 அக்டோபர் 18-இல், வில்லியனூர்ப் பகுதிக் கீழூரில் புதுவை, காரைக்கால் மக்களின் பேராளர் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவுடன் இணைதற்கும் எண்மர் அதற்கு மாறாகவும் வாக்களித்தனர். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டமுறை மாற்றமும் நிறைவுற்றது. அப்பேராளர்தம் வாக்குரிமை மக்கள் தேர்விலிருந்து பிறந்தது. எந்த ஆரமும் அதற்கு வேண்டப்படவில்லை.

இவ்வேறுபாட்டை விளக்கப் பாகூர்ச் செப்பேடுகள் துணைசெய்கின்றன. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூர் வித்தியாத்தானத்திற்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டமையை அவை கூறும். ஐந்து ஏடுகளையும் கோத்த வளையத்தில் காளை முத்திரை உள்ளது. அவ்வளையமும் அணியன்று, ஆணைக்குச் சான்று. கல்விக்கு அளித்த கொடையைக் காப்பதே அதன் தொழில். ஆரமும் வளையமும் தம்மளவில் பெருமை உடையனவல்ல. தாம் குறிக்கும் பொறுப்பினாலேயே பெருமை பெறுவன.

இந்திய அரசமைப்பு 1950-இல் தன் 18-ஆம் உறுப்பினால் பட்டங்களை ஒழித்தது. 1954-இல் பாரத ரத்னா நிறுவப்பெற்றது. அது பெயரோடு ஒட்டிவழங்கும் பட்டமாகாது என்னும் வரையறையோடு இவ்விருதுகள் செல்லுமென உச்சநீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. மன்னன் காலத்துச் சிறப்பு மேலிருந்து இறங்கியது. குடியரசில் அது மக்களிடமிருந்து ஏறுகின்றது. சிறப்பணி பெற்றோர் பெயரைப் போற்றும் வரலாறு, அணியின்றி நாட்டின் நிலையை முடிவுசெய்த கீழூர்ப் பேராளரையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும் என்பதே இவ்வாய்வாற் பெறப்படும் முடிபாம்.