ஹெகலின் ‘ஆவியின் நிகழ்வியல்’: பிற்கால விளக்கங்கள்

‘ஆவியின் நிகழ்வியல்’ என்பது ஜெர்மானிய மெய்யியலாளர் ஹெகல் (1770–1831) 1807இல் வெளியிட்ட நூலாகும். புலனறிவில் தொடங்கும் மனித உணர்வு, தான் கொள்ளும் ஒவ்வொரு நிலைப்பாட்டிலும் உள்ள முரண்பாட்டைத் தானே கண்டு கடந்து, தன்னுணர்வு, பகுத்தறிவு, சமூக வாழ்வாகிய ஆவி, சமயம் எனும் படிகளின் வழியே, அறிவும் அறியப்படும் பொருளும் பிரிந்து நில்லாத முழுமுதல் அறிவை எட்டுவதை இந்நூல் விவரிக்கிறது. பிற்கால மெய்யியலாளர்களின் விளக்கங்கள் வேறுபடுவதற்கு, அவர்கள் இந்நூலின் எப்பகுதியை மையமாகக் கொண்டனர் என்பதே பெருமளவு காரணமாகும்.

கார்ல் மார்க்ஸ் 1844இல் பாரிசில் எழுதிய கையெழுத்துப்படிகளில், மனிதன் உழைப்பின் வழியே தன்னைத்தானே உருவாக்கிக்கொள்கிறான் என்று கண்டதை ஹெகலின் சாதனையாகப் போற்றினார்; எனினும் ஹெகல் அறிந்த உழைப்பு சிந்தனையின் உழைப்பு மட்டுமே என்றும், அதனால் மனிதன் தன் படைப்புகளிலிருந்து அந்நியமாதலைச் சிந்தனைக்குள்ளேயே தீர்த்துவிட்டார் என்றும் விமர்சித்தார். இக்கையெழுத்துப்படிகள் 1932இல்தான் முழுமையான அளவில் அச்சேறின.

ரஷ்யாவில் பிறந்த அலெக்சாண்டர் கொழேவ் 1933 முதல் 1939 வரை பாரிசில் நிகழ்த்தி, 1947இல் நூலான விரிவுரைகள், ஆண்டான்–அடிமை பற்றிய சில பக்கங்களை நூல் முழுவதற்கும் திறவுகோலாக்கின. அங்கீகாரத்துக்காக இருவர் உயிரைப் பணயம் வைத்துப் போரிட, சாவுக்கு அஞ்சிப் பணிந்தவர் அடிமையாகிறார். தான் மதிக்காத ஒருவரிடமிருந்து ஆண்டான் பெறும் அங்கீகாரம் வெறுமையாகிவிட, அடிமையோ தன் உழைப்பால் பொருள்களுக்கு வடிவம் தந்து அவற்றில் தன் சுதந்திரத்தைக் காண்கிறார். கொழேவ் இதையே மனித வரலாற்றின் இயக்கமாகக் கொண்டார். உளப்பகுப்பாய்வாளர் ஜாக் லக்கான், மெய்யியலாளர் மோரிஸ் மெர்லோ-பான்டி ஆகியோர் இவ்விரிவுரைகளைக் கேட்டவர்கள். ஆணைத் தன்னிலையாகவும் பெண்ணை மற்றமையாகவும் நிறுத்தும் உறவைச் சிமோன் த பொவ்வார் 1949இல் இந்த ஆண்டான்–அடிமைப் பகுதியின் துணையுடன் ஆராய்ந்தார். காலனிய எசமானர் கறுப்பின அடிமையிடம் நாடுவது அங்கீகாரத்தை அன்று, உழைப்பையே என்று 1952இல் ஃபிரான்ஸ் ஃபனான் வேறுபடுத்தினார்.

சில பக்கங்களையே மையமாக்கிய கொழேவுக்கு மாறாக, ஹெகலின் நூலைப் பிரெஞ்சில் பெயர்த்த ழான் இப்போலித், 1946இல் வெளியிட்ட விளக்கவுரையில் அதன் முழுப் போக்கையும் இயல் இயலாகப் பின்தொடர்ந்தார். அமெரிக்காவில் ராபர்ட் பிப்பின், ஹெகலை, அவருக்கு முந்தைய மெய்யியலாளர் கான்ட்டின் அறிவாராய்ச்சியைத் தொடர்ந்தவராகக் கண்டார். டெர்ரி பிங்கார்ட், காரணங்களைக் கேட்டும் கொடுத்தும் வாழும் சமூக வழக்கங்களின் வளர்ச்சியே ‘ஆவி’ என்று 1994இல் விளக்கினார். ராபர்ட் பிராண்டம் 2019இல், ஆவி பற்றிய இயலை நிறைவுசெய்யும் குற்ற ஒப்புதலுக்கும் மன்னிப்புக்கும் முதன்மை அளித்தார்.

கொழேவின் விளக்கமே மிகுந்த செல்வாக்குப் பெற்றது. எனினும் ஹெகலிடம் அங்கீகாரம் போராட்டத்தில் தொடங்கினாலும் பரஸ்பர மன்னிப்பிலேயே நிறைவெய்துவதால், அவ்விரண்டையும் இணைத்துக் காட்டும் விளக்கமே நூலுக்கு நெருக்கமானதாகும்.