பழைய கார்புரேட்டரும் புதிய உறுப்புகளும்



வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவுக்கு வருகின்றன. உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகப் பெட்டிக்கும் வரலாறு உண்டு. மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் அளந்து கலந்து ஊட்டும் கார்புரேட்டர் என்னும் கருவியையே குறிப்பிடுகிறேன். அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஐம்பது, அறுபது ஆண்டு கண்ட புல்லட் வண்டிகள் சில இன்றும் ஓடக் காண்கிறேன். அவ்வண்டியை முதலில் செய்த இங்கிலாந்துத் தொழிற்சாலை மூடப்பட்டு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. தாய்வீடு பூட்டப்பட்ட பின்னும் இவ்வண்டிகள் உயிர்வாழ்வது எங்ஙனம்? வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் என்னை ஈர்த்த கேள்வி இது.

முதலில் நிலத்தை நோக்குவோம். இது மானாவாரிச் சீமை. கரிசல் மண்ணில் பருத்தியும் சோளமும் கம்பும் மிளகாயும் மழையை நம்பி விளைகின்றன. திருச்சுழி வழியே செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். மழை பொய்த்த காலத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்போரும் இங்கு உண்டு. அருப்புக்கோட்டையோ நெசவாளர் ஊர். ஊருக்கும் ஊருக்கும் இடைவெளி மிகுந்த இவ்வட்டாரத்தில் பருத்தி வாங்குபவரும் துணி விற்பவரும் ஒரு வண்டியை நம்பியே தொழில் நடத்துவர். வண்டி நின்றால் அன்றைய வரவும் நிற்கும். புதிது வாங்க இயலாதவர்க்குப் பழையதைப் பழுது பார்ப்பது வாழ்வாதாரமே ஆகும்.

இனிக் கருவியின் இயல்பை அறிவோம். ஓடும் பாய்மம் விரைவு கூடுமிடத்தில் அழுத்தம் குறையும் என்னும் உண்மையை டேனியல் பெர்னூலி 1738-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார். குழாயின் நடுப்பகுதி ஒடுங்கினால் நிகழ்வது யாது என்பதை இத்தாலியரான வெஞ்சுரி 1797-ல் ஆராய்ந்து எழுதினார். அக்காலத்தில் பெட்ரோல் எஞ்சின் பிறக்கவே இல்லை. பின்னர் 1893-ல் ஹங்கேரியரான பாங்கி, சோங்கா என்னும் இருவரும், ஜெர்மானியரான மேபாக்கும், அவ்வுண்மையைக் கொண்டு பெட்ரோலைத் துளித்துளியாகச் சிதறச் செய்யும் கார்புரேட்டரை உருவாக்கினர். கொசுமருந்து அடிக்கும் கைப்பம்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குழலின் வாயில் காற்று விரைந்து செல்லும்போது கீழே உள்ள மருந்து மேலேறிச் சாரலாகிறதன்றோ? கார்புரேட்டரும் அவ்வாறே தொழிற்படுகிறது.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கொசுமருந்துக்கு அளவு பெரிதன்று. எஞ்சினுக்கோ அளவே உயிர். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை எழும், பிளக்கில் கரி படியும், பணமும் வீணாகும். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் அளவு கடந்து சூடேறிப் பிஸ்டனே உருகிப் பழுதாகக் கூடும். இவ்வளவையும் காப்பது ஜெட் என்னும் சிறு பித்தளைத் திருகின் நடுவிலுள்ள நுண்துளை. அத்துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் வழியும் பரப்பு நூற்றுக்கு 21 பங்கு கூடிவிடும். கணக்கு வகுப்பில் நீங்கள் படித்த வட்டத்தின் பரப்புச் சூத்திரம் இங்கே எஞ்சினின் ஆயுளை அறுதியிடுகிறது. அடைத்த ஜெட்டைக் கம்பியால் குத்தக்கூடாது என்று தேர்ந்த மெக்கானிக்குகள் கூறுவதன் காரணமும் இதுவே.

கிடைக்காத பொருளுக்கு மாற்றுத் தேடும் பழக்கம் தென்பாண்டிச் சீமைக்குப் புதிதன்று. 1911-ல் மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம் தென்னாட்டின் மோட்டார்ப் போக்குவரத்தில் பெரும்பங்கு வகித்தது. இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. அப்போது அந்நிறுவனம் கரியை எரித்து வாயு உண்டாக்கும் கலங்களைச் செய்து பஸ்களில் பொருத்தியது. பெட்ரோலில் ஓட வேண்டிய எஞ்சின் கரிவாயுவில் ஓடிற்று. ஆற்றல் குறைந்தது, ஏற்றத்தில் வண்டி திணறிற்று, ஆயினும் போக்குவரத்து அற்றுப்போகவில்லை. எரிபொருளே மாறினும் காற்றோடு அதனைக் கலக்கும் விகிதத்தை அறிந்தால் எஞ்சினை இயக்கலாம் என்பதை அன்றைய தொழிலாளர் செயலில் காட்டினர்.

புல்லட்டின் கதை இதனினும் நீண்டது. 1950களின் தொடக்கத்தில் இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்கென 350 சி.சி. புல்லட் வண்டிகளை இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்திடம் கேட்டது. அதனைத் தொடர்ந்து 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. முதலில் அங்கிருந்து வந்த உறுப்புகளைத் திருவொற்றியூரில் பூட்டினர். பின்னர் வார்ப்பு அச்சுகளும் கருவிகளும் இங்கு வந்தன; உறுப்புகளையே இங்குச் செய்யத் தொடங்கினர். இங்கிலாந்தில் ரெடிச் நகரத் தொழிற்சாலை 1967-லும், எஞ்சியிருந்த உற்பத்தி 1970-லும் முடிவுற்றன. சென்னையிலோ உற்பத்தி தொடர்ந்தது. 1977-ல் சென்னைப் புல்லட் இங்கிலாந்துக்கே விற்பனைக்குச் சென்றது. கற்றுக்கொடுத்தவர் கைவிட்ட தொழிலைக் கற்றவர் காத்துத் திருப்பி அளித்த இந்நிகழ்ச்சி நம் தொழில் வரலாற்றில் பொறிக்கத்தக்கது.

அக்காலப் புல்லட்டில் இருந்தது அமால் கார்புரேட்டர். பர்மிங்ஹாமைச் சேர்ந்த அமால் என்னும் பெயரே, 1920களின் பிற்பகுதியில் மூன்று நிறுவனங்கள் ஒன்றாய் இணைந்ததைக் குறிப்பது. காலப்போக்கில் புல்லட்டில் அமாலின் இடத்தை மிக்கார்ப் பிடித்தது. அது ஜப்பானின் மிக்குனி நிறுவனத்து உரிமம் பெற்று இந்தியாவில் செய்யப்பட்டது. இங்கேதான் இரண்டு அளவுமுறைகள் எதிர்ப்பட்டன. அமாலின் கணக்கு அங்குலம். மிக்குனியின் கணக்கு மில்லிமீட்டர். ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்து வழங்கிய நம் பட்டறைக்காரர்களும் அங்குலத்திலேயே பழகியவர்கள். 1956-ல் நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் நிறைவேறியது. ஆயின் சட்டம் மாறிய நாளில் ஏற்கெனவே வெட்டிய மரைகள் மாறிவிடுமா? பழைய வண்டியின் உடலில் அங்குலம் அப்படியே தங்கிவிட்டது.

இதன் விளைவை அருப்புக்கோட்டைப் பட்டறை ஒன்றில் நேரில் கண்டேன். திருச்சுழிப் பக்கத்து இளைஞர் ஒருவர் தம் தந்தையின் புல்லட்டைக் கொணர்ந்திருந்தார். சந்தையில் வாங்கிய திருகு ஒன்றையும் கொடுத்து, “மரை பிடிக்கிறதே அண்ணாச்சி, இதையே போட்டுவிடலாமே?” என்றார். முதிய மெக்கானிக், “பிடிப்பது வேறு, பொருந்துவது வேறு தம்பி” என்று சொல்லித் திருகைத் திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னதன் பொருளை எண்களால் விளக்கலாம். பழைய பிரிட்டிஷ் வண்டியில் வழங்கும் கால் அங்குலத் திருகின் விட்டம் 6.35 மில்லிமீட்டர், அதில் அங்குலத்துக்கு 26 மரைச்சுற்று. சந்தையில் எளிதாய்க் கிடைக்கும் திருகின் விட்டம் 6 மில்லிமீட்டர். அதில் அங்குலத்துக்கு 25.4 சுற்று. இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. கையால் திருகினால் உள்ளே செல்லும். இறுக்கினாலோ அரைகுறையாய்ப் பற்றிய மரை சிதைந்து, மலிவான திருகுக்காக விலையுயர்ந்த உடற்பகுதி கெட்டுவிடும்.

பின்னர் அவர் கார்புரேட்டரைக் கழற்றிப் புதுப்பித்த முறையைக் கவனித்தேன். நெடுநாள் நின்ற பெட்ரோல் பிசினாய் உறைந்திருந்தது. அதனை ஊறவைத்துக் கரைத்து, துளைகளைக் காற்றடித்துத் துப்புரவாக்கினார். பித்தளை ஃப்ளோட்டைச் சுடுநீரில் அமிழ்த்தினார். குமிழி எழுந்த இடமே ஓட்டை என்று கண்டு ஈயம் வைத்தார். எஞ்சினோடு இணையும் முகப்பு, முன்பு யாரோ அளவுக்கு மீறி இறுக்கியதால் வளைந்திருந்தது. கண்ணாடித் தகட்டின்மேல் உப்புத்தாளை விரித்து, அம்முகப்பு சமமாகும்வரை தேய்த்தார். அவ்விடுக்கின் வழியே கணக்கில் வராத காற்று புகுந்தால் மேலே சொன்ன விகிதம் முழுவதும் குலையுமன்றோ? கரிசல் புழுதி ஏறி இறங்கிய ஸ்லைடு தேய்ந்து ஆடியது. அதற்கு மட்டும் புதியது வேண்டியிருந்தது.

புதிய உறுப்பைத் தேர்ந்ததிலும் ஒரு முறைமை இருந்தது. கார்புரேட்டர் முழுவதையுமே மாற்ற வேண்டி வந்தால் என்னென்ன பார்ப்பீர்கள் என்று கேட்டேன். வாயின் விட்டம், முகப்பிலுள்ள இரு போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட தூரம், ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடும் நீளம், இறுதியாக ஜெட்டின் எண் என்று அவர் வரிசையாகக் கூறினார். 24 மில்லிமீட்டர் வாயும், அங்குலத்தைப் பதினாறாக்கி அதில் பதினைந்து பங்காகிய 23.8 மில்லிமீட்டர் வாயும் ஏறக்குறைய ஒன்றே. அங்கே சிறு வேறுபாட்டைப் பொறுக்கலாம். ஜெட்டில் பொறுக்க இயலாது. அமால் ஜெட்டின் எண், நிமிடத்துக்கு எத்தனை கன சென்டிமீட்டர் வழியும் என்பதைக் குறிப்பது. வேறு நிறுவனத்து ஜெட்டில் அதே எண் பொறித்திருந்தாலும் அதே அளவு வழியும் என்று கொள்ளலாகாது. ஆகவே ஓட்டிப் பார்த்து, பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தை நோக்க வேண்டும். கறுப்பாயின் பெட்ரோல் மிகுதி, வெளுப்பாயின் குறைவு, பழுப்பாயின் நன்று.

இங்கே என் கேள்விக்கு விடை கிடைத்தது. ஓர் எந்திரத்தின் ஆயுள் அதனைச் செய்தவரின் ஆயுளைப் பொறுத்ததன்று. அதன் அளவுகள் வெளிப்படையாக அறியப்பட்டு, அறிந்தவர் ஒருவர் அருகில் இருப்பதைப் பொறுத்தது. 1841-ல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் மரைகளுக்குப் பொது அளவு வகுக்க முனைந்தார். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை. ஒரு பட்டறை மூடினால் அதன் பொருளும் அத்துடன் மடியும். பொது அளவு வந்த பின்னரோ பர்மிங்ஹாமில் செய்தது திருவொற்றியூரில் பொருந்திற்று. திருவொற்றியூரில் செய்தது திருச்சுழிக்கும் வந்து சேர்ந்தது.

இவ்வறிவுக்கு இன்று புதிய தேவை எழுந்துள்ளது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு முறையில் பெட்ரோல் தெளிக்கும் கருவி பிடித்துக்கொண்டது. பெட்ரோலும் பழைய பெட்ரோலாக இல்லை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் விற்பனைக்கு வந்தது. எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு. ஆகவே பழைய ஜெட்டின் வழியே செல்லும் கலவை மெலிந்துபோகிறது. பழைய ரப்பர் வளையங்களை அது உப்பச் செய்யும், ஈரத்தையும் ஈர்க்கும். எனவே உறுப்பைப் பழையபடி வைப்பது மட்டும் போதாது. சற்றுப் பெரிய ஜெட்டும் எத்தனாலைத் தாங்கும் வளையமும் தேட வேண்டும். போர்க்காலத்தில் கரிவாயு எழுப்பிய அதே கேள்வி வேறு வடிவில் மீண்டும் வந்திருக்கிறது.

மாணவ நண்பர்களே! அம்முதியவரின் பட்டறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கிய பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கண்டேன். எந்த வண்டிக்கு எந்த ஜெட், எந்த இடத்துக்கு எந்த மரை என்று அதில் பென்சிலால் குறித்திருந்தார். தாள்கள் எண்ணெய்க் கறை படிந்து நைந்துவிட்டன. வேறு படி கிடையாது. உங்கள் ஊரிலும் இத்தகைய நோட்டுகள் இருக்கும். விடுமுறை நாட்களில் பட்டறைகளுக்குச் செல்லுங்கள். இசைவு பெற்று அவ்வளவுகளைப் படியெடுங்கள்; கேட்டவற்றையும் சேர்த்து எழுதுங்கள். ஓலைச்சுவடிகளைத் தேடிப் பெயர்த்தெழுதியோர் நமக்கு இலக்கியத்தை மீட்டுத் தந்தனர். எண்ணெய் படிந்த இந்நோட்டுகளைப் படியெடுப்போர் கரிசல் நாட்டின் தொழிலறிவைக் காப்போராவர்.