அரையணா ஏடும் கழுமரமும்

சந்தை நாள். புளியமரத்து நிழல். தோளிலே துணிப்பை, கையிலே டேப்பு. தட்டுகிறான், பாடுகிறான், கூட்டம் கூடுகிறது. காய்கறி விற்க வந்தவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்கிறாள். மாடு பிடிக்க வந்தவன் கயிற்றைக் கையில் சுற்றியபடியே நிற்கிறான். பாட்டு என்ன? பரமன் புகழா? பாரதப் போரா? இல்லை! பக்கத்து ஊரிலே நடந்த கொலை! வெட்டியவன் யார், வெட்டுண்டவன் யார், எந்தக் கோர்ட்டு என்ன தீர்ப்புக் கூறிற்று என்பது அத்தனையும் சிந்து மெட்டிலே! கேட்பவர் நெஞ்சு படபடக்கும் கட்டம் வந்ததும் பாட்டு நின்றுவிடும். மிச்சம் வேண்டுவோர் புத்தகம் வாங்க வேண்டும். விலை அரையணா.

நம் பாட்டன்மாரின் காலத்துக் காட்சி இது. அந்த அரையணா ஏட்டைப் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகிறோம். ஊர் வரலாறு, கவிதை, குற்றச் செய்தி ஆகிய மூன்றையும் எட்டுப் பக்கத்திலோ பதினாறு பக்கத்திலோ அடக்கிக்கொண்டு, சாணித் தாளிலே வந்த ஏடு அது. தொட்டால் கிழியும். கிழிந்தும் போயிற்று. எஞ்சியவை சிலவே.

1835இல் அச்சுக்கூடம் வைக்க இருந்த தடை நீங்கியது. அதுவரை அரசும் பாதிரிமாரும் ஆண்ட அச்சு, நாட்டவர் கைக்கும் தாராளமாக வந்தது. வந்ததும் என்ன அச்சிட்டார்கள்? புராணம் அச்சிட்டார்கள், தோத்திரம் அச்சிட்டார்கள், தல மகிமை அச்சிட்டார்கள். ஆனால் பாமரன் காசு கொடுத்து வாங்கியதோ சிந்தும் கும்மியும் ஒப்பாரியும் தெம்மாங்கும்! சென்னைக் குஜிலிக் கடைத்தெருவிலே மாலை நேரத்தில் விற்றதால் ‘குஜிலிப் புத்தகம்’ என்ற பெயரே அவற்றுக்கு நிலைத்தது. கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் நிறுவனம் போன்றவை, எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் எட்டட்டும் என்று பெரிய பெரிய எழுத்திலே கதைகளை அச்சிட்டுக் குவித்தன. வெள்ளம் வந்தால் ஒரு சிந்து, பஞ்சம் வந்தால் ஒரு கும்மி, கொலை விழுந்தால் ஒரு கொலைச் சிந்து. நாளேடு நுழையாத சிற்றூரிலே நாளேட்டின் வேலையைச் செய்தது இதுதான்.

வேடிக்கை ஒன்று கேளுங்கள். 1867இல் வெள்ளையன் ஒரு சட்டம் செய்தான். அச்சாகும் நூல் எதுவாயினும் பதிவு செய்ய வேண்டும், படி ஒன்றை அரசுக்குத் தரவேண்டும் என்பது விதி. நம்மவர் என்ன எழுதுகிறார்கள் என்று வேவு பார்க்கச் செய்த சட்டம்! அந்தச் சட்டத்தாலேயே எத்தனையோ அரையணா ஏடுகளின் பெயராவது பட்டியலில் தங்கிற்று, சிலவற்றின் படிகள் கடல் கடந்து இலண்டன் நூலகத்திலும் தங்கின. வேவு பார்த்தவன் வைத்திருந்தான். வீட்டுக்காரன் விறகோடு எரித்தான்!

பண்டிதர்கள் இவற்றைத் தீண்டவில்லை. இலக்கணம் இல்லையாம், எதுகை சரியில்லையாம், கொச்சையாம். கறையான் தின்ற ஓலையிலிருந்து உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை மீட்டு 1892இல் அச்சேற்றினார். தமிழர் தலை நிமிர்ந்தனர், நாமும் நிமிர்கிறோம். அதே கோவலன், அதே கொலை, அதே கொடுங்கோல் தீர்ப்பு, கோவலன் கதை என்ற பெயரில் புத்தகக் கடைக் கயிற்றிலே தொங்கிக் கொண்டிருந்தது. அதை வாங்கியவன் வண்டியோட்டி, ஆகவே அது இலக்கியமில்லை!

பண்டிதரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. பகுத்தறிவு பேசும் நாமும் அதே பிழையைத்தான் செய்தோம். காத்தவராயன் கதையா? மூடநம்பிக்கை! நல்லதங்காள் கதையா? அழுகுணிப் பாட்டு! தள்ளு குப்பையில்! இப்படித்தான் பேசினோம். நம் இயக்கத்தின் சிறு வெளியீடுகளும் அதே சந்தையிலே, அதே மலிவு விலையிலேதான் விற்றன என்பதைக்கூட மறந்தோம். தள்ளியது தவறு என்பதே நம் இன்றைய கருத்து. ஏன் என்று கூறுகிறோம்.

முதலில் குறையைச் சொல்லிவிடுவோம். கொலைச் சிந்து பாடியவன் சீர்திருத்தக்காரன் அல்லன். பெண் கொலையுண்டாலும் பெண்ணையே பழிப்பான், துரைமாரின் நீதியை மெச்சுவான், கடைசியிலே ஊருக்குப் புத்தி சொல்வான். விற்பனை அவன் நோக்கம். ஆனாலும் ஒரு காரியம் செய்தான்: பெயர் சொன்னான். கல்வெட்டிலே இடம் பெறாத கூலிக்காரனின் பெயர், பட்டயத்திலே இடம் பெறாத பணிப்பெண்ணின் பெயர், அவன் பாட்டிலே இடம் பெற்றது. வகுப்பறையில் நாம் நடத்தும் வரலாற்றுப் பாடத்தைப் பாருங்கள். மன்னன் பிறந்தான், மன்னன் மணந்தான், மன்னன் வென்றான். மடை வெட்டியவன் எங்கே? வெட்டுப்பட்டவன் எங்கே? அவனைத் தேட வேண்டுமானால் பாட்டுப் புத்தகத்துக்குத்தான் போகவேண்டும்.

இனி, சந்தைச் சிந்துக்கு மூத்த கதைப்பாடல்களுக்கு வருவோம். தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் கொடை விழாவில் வில்லடித்துப் பாடப்படும் கதைகளிலே பல, கொலையுண்டு இறந்தோரின் கதைகள். செத்தவர் சாமியாகிறார். சாமியாக்கியவர் யார் என்று கேட்டால், அஞ்சியவர்களும் அழுதவர்களும் என்று விடை வரும்.

சின்னநாடான் கதை என்று ஒன்று உண்டு. ஐந்து அண்ணன் தம்பிகளுக்கும் சேர்த்து ஒரே ஆண் வாரிசு. சொத்தெல்லாம் அவனுக்கு. சின்னஞ்சிறு பெண்ணை அவனுக்குக் கட்டி வைத்தார்கள். வளர்ந்தவன் நாவிதர் குலத்து அய்யங்குட்டியின் மீது அன்பு வைத்தான். விட்டுவிட்டு வா என்றார்கள், வரவில்லை. சாதி போகும், சொத்தும் போகும்! பெற்று வளர்த்தவர்களே வாரிசை வெட்டிச் சாய்த்தார்கள். அரக்கன் இல்லை, அசுரன் இல்லை, ஆகாயத்து அசரீரியும் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசிச் செய்த கொலை. அதை ஊரறியப் பாடி வைத்தது பாட்டு!

இங்கே நிறுத்தி ஒரு செய்தி. 2003ஆம் ஆண்டு விருத்தாசலம் வட்டாரத்திலே சாதி கடந்து மணந்த இளம் இணையர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். பெண்ணின் தந்தையும் அண்ணனும் உள்ளிட்டோர் குற்றவாளிகள் என்று கடலூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021இல். இடையிலே ஓடியது பதினெட்டு ஆண்டு! சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் அண்ணாவின் ஆட்சி சட்டமியற்றிய நாட்டிலே நடந்தது இது. சின்னநாடான் கதையைப் பழங்கதை என்று எப்படித் தள்ளுவது?

மற்றக் கதைகளுக்கு நேர்ந்த கதியைக் கேட்டால் குருதி கொதிக்கும். காத்தவராயன், தாழ்த்தப்பட்ட குடியிலே வளர்ந்தவன், ஆரியமாலை என்ற பார்ப்பனப் பெண்ணை விரும்பினான். தண்டனை கழுமரம்! கூர் தீட்டிய மரத்திலே உயிரோடு ஏற்றுவது! மனிதன் மனிதனுக்குச் செய்த கொடுமை இதைவிட ஏது? ஆனால் அச்சான கதையைப் புரட்டுங்கள். காத்தவராயன் பிறந்தது கயிலையிலாம்! முன்னொரு சாபமாம்! கழுவேறவே வந்து பிறந்தானாம்! அப்படியானால் கழுவேற்றியவன் குற்றவாளியா? அவன் விதியின் வேலைக்காரன்! கொலைவழக்கு முடிந்தது, குற்றவாளி விடுதலை, செத்தவனுக்குக் கோயில்! 1941இல் ‘ஆர்யமாலா’ என்றும் 1958இல் ‘காத்தவராயன்’ என்றும் கதை திரையேறியது. கொட்டகை நிறைந்தது.

மதுரை வீரன் கதை இன்னும் நுட்பமானது. வளர்த்தவர்கள் சின்னான், செல்லி என்ற அருந்ததியர் இணையர். மதுரை காக்க வந்தவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டான். வளர்த்தவர்களை மறைக்க முடியவில்லை, ஊர் முழுக்கத் தெரியும். ஆகவே பிறப்பிலே கைவைத்தார்கள். காசி அரசன் மகனாம்! மாலை சுற்றிப் பிறந்ததால் காட்டிலே விடப்பட்ட இளவரசனாம்! வீரம் சேரியிலே பிறக்கலாகாது, அரண்மனையிலே பிறந்து சேரியிலே தங்கிப் போகலாம்! மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தருகே அவனுக்குக் கோயில் இருக்கிறது. கோயில் கொடுத்தவர்களுக்குக் குலம் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை.

கட்டபொம்மன் பாட்டு இந்த வகையில் சேராது. 1799இல் கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்டவனை வெள்ளையன் ஏடு கலகக்காரன் என்றது, பாட்டோ வீரன் என்றது. பாட்டே வென்றது. அது ஊரறிந்த செய்தியாதலால் மேலே செல்வோம்.

நல்லதங்காளைச் சொல்லாமல் விடலாகாது. வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்திலே அவளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சத்திலே பிறந்த வீடு தேடி வந்தாள், ஏழு பிள்ளைகளோடு. அண்ணன் வீட்டில் இல்லை, அண்ணி சோறிடவில்லை. ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகக் கிணற்றிலே தள்ளித் தானும் விழுந்தாள். அண்ணி கொடியவள் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள் நம் அன்னையர். அண்ணி கொடியவள்தான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று. அந்த வீட்டிலே நல்லதங்காளுக்கு ஏன் பங்கில்லை? பிறந்த வீடு அவளுக்கும் வீடாயிருந்தால், களஞ்சியத்தில் ஒரு பாதி அவளுடையதாயிருந்தால், அண்ணியின் முகத்தையா பார்த்து நின்றிருப்பாள்? கிணற்றிலே தள்ளியது அவள் கை, தள்ளத் தூண்டியது தர்ம சாத்திரம்! பாட்டின் முடிவிலே பரமசிவன் வந்து மாண்டவரை எழுப்புகிறார். பெரியவரே, எழுப்பியது சரி, பங்கு கொடுத்தீரா? 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமாகச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. 1989இல் கலைஞர் ஆட்சியிலே அது தமிழ்நாட்டுச் சட்டமாயிற்று, 2005இல் இந்தியா முழுமைக்கும் வந்தது. சிவன் செய்யாததைச் சட்டம் செய்தது. சட்டம் வந்த பின்னும் ‘சீர் செய்தாயிற்று’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கும் அண்ணன்மார் இல்லாத ஊர் எது என்று தோழர்கள் தத்தம் ஊரில் விசாரித்துப் பார்க்கட்டும்.

இந்த ஏடுகளைத் தேடித் திரிந்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா.வானமாமலை மார்க்சியர், நம் முகாமைச் சேர்ந்தவரல்லர். அதனாலென்ன? கட்டபொம்மு, காத்தவராயன், முத்துப்பட்டன் கதைப்பாடல்களை ஒப்புநோக்கி, எது மூலம், எது பிற்காலத்தார் ஒட்டியது என்று 1970களின் தொடக்கத்தில் காட்டினார். மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கோட்டையூர் ரோஜா முத்தையா, பலரும் குப்பை என்றதையும் சேர்த்து அடுக்கினார். 1992இல் அவர் மறைந்தபின் அந்தத் தொகுப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் நூலகம் அமைந்தது. ஆ.இரா.வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ 2004இல் வந்தது. குஜிலிப் புத்தகங்களுக்குக் கற்றோர் அவையிலே நாற்காலி கிடைத்தது. இவர்கள் காத்து வைத்ததைப் படிக்கும் வேலையாவது நமக்கு இருக்கிறது.

எப்படிப் படிப்பது? வானமாமலை காட்டிய முத்துப்பட்டனையே எடுத்துக்கொள்வோம். முத்துப்பட்டன் பார்ப்பனன். பொதிகை மலைக் காட்டிலே வாலப்பகடையின் மக்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கண்டு மணம் கேட்டான். வாலப்பகடை மயங்கவில்லை. பூணூலை அறு, குடுமியை எடு, தோல் அறுத்துச் செருப்புத் தைத்து வா, பிறகு பேசலாம் என்றான்! நாட்டுப்பாட்டிலே நாம் அறிந்த மாமன்மாரிலே இவனைப் போன்ற மிடுக்குடையவன் இல்லை. அண்ணன்மார் முத்துப்பட்டனைப் பிடித்துக் கல்லறையிலே அடைத்தார்கள். உடைத்துக்கொண்டு வந்தான், பூணூலை அறுத்தான், செருப்புத் தைத்தான், மணந்தான். மணநாளன்றே மாடு கவர வந்தவர்களோடு பொருது வீழ்ந்தான். மனைவியர் இருவரும் தீப்பாய்ந்தனர். உடன்கட்டையை நாம் போற்றவில்லை; அந்தத் தீயும் சாத்திரம் மூட்டியதே.

இந்தக் கதையை எப்படி விழுங்குவது? விழுங்க முடியாதவர்கள் ஒரு வழி கண்டார்கள். பொம்மக்காளும் திம்மக்காளும் உண்மையிலே பார்ப்பனர் வீட்டுப் பிள்ளைகளாம்! காட்டிலே விடப்பட்டு வாலப்பகடை கையிலே வளர்ந்தவர்களாம்! தீட்டுக் கழிந்தது, சாதி பிழைத்தது, கதையும் ஓடிற்று. அப்படியே அச்சும் ஏறிற்று.

பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுக் காட்டிலே, சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. அங்கே பட்டவராயன் என்ற பெயரிலே முத்துப்பட்டனும், அருகே பொம்மக்கா, திம்மக்காளும் நிற்கிறார்கள். ஆடி அமாவாசைக்கு மக்கள் மலையேறுகிறார்கள். பட்டவராயனுக்கு அவர்கள் கொண்டுவரும் காணிக்கை தேங்காயன்று, பட்டன்று. செருப்பு! புதுத் தோல் செருப்பைச் சன்னதியிலே கட்டித் தொங்கவிடுகிறார்கள். அவன் இரவிலே அணிந்து நடப்பதால் செருப்புத் தேய்கிறது என்றும் சொல்கிறார்கள். நாம் அதை நம்பவில்லை. ஆனால் மணப்பெண்கள் பார்ப்பனர் வீட்டுப் பிள்ளைகள் என்று அச்சடித்தாரே அந்தப் புண்ணியவான், அவர் அந்தச் செருப்புகளை எங்கே ஒளித்து வைப்பார்?