அம்பத்தூர் ராத்திரிக்கு ஏன் போட்டோ இல்லை?

மக்களே, ஒரு சின்ன கேள்வி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் சொந்தபந்தம் இருக்கிறவங்க பழைய ஆல்பத்தைக் கொஞ்சம் தூசி தட்டிப் பாருங்க. 1990க்கு முன்னாடி, ராத்திரியில, வீட்டுக்கு வெளியே தெருவில் எடுத்த படம் ஒண்ணாவது இருக்கா? கல்யாண ரிசப்ஷன், மாப்பிள்ளை அழைப்பு எல்லாம் கணக்குல சேராது. தெரு, டீக்கடை, ஷிப்ட் முடிஞ்சு சைக்கிள்ல வர்ற கூட்டம்... இந்த மாதிரி. எங்க சொந்தக்காரங்க, அக்கம்பக்கம்னு பத்துப் பன்னிரண்டு ஆல்பம் புரட்டிட்டேன். ஒண்ணு கூட இல்லை.

இத்தனைக்கும் இது ராத்திரி தூங்காத ஊர். 1949ல் ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள்ஸ், 1964ல் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைன்னு வரிசையா வந்து, வயல்காடா இருந்த பூமியை ஷிப்ட் கணக்குல நடக்கிற ஊரா மாத்திடுச்சு. ராத்திரி ஷிப்டுக்குப் போறவங்க தூக்குவாளியோட கிளம்புறதும், முடிச்சவங்க திரும்புறதும் ஒரு தலைமுறையோட தினசரி வாழ்க்கை. அதுல ஒரு முகம் கூட படமா மிஞ்சலைன்னா உறுத்துது இல்லீங்களா? அந்த உறுத்தல்லதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் பின்னாடி போவோம். ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் 1856 ஜூலை 1ல் தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் ஓடினது நம்ம ஆவடி வழியாத்தான். அடுத்த வருஷமே, 1857ல், மெட்ராஸ்ல போட்டோகிராபிக் சொசைட்டி ஆரம்பிச்சாங்க. ஓவியக் கல்லூரியைத் தொடங்கின டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டருக்கு அதுல பெரிய பங்கு உண்டு. ரயிலும் கேமராவும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்து இறங்கின ஊர் நம்மளுது.

ஆனா அந்தக் காலத்து கேமராவுக்குப் பகல்லயே கண் தெரியாது :) மெட்ராஸ் மாகாண அரசாங்கத்தோட போட்டோகிராபரா இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சின்னு சுத்தி எடுத்த படங்களைப் பாருங்க. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படமா எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கின மனுஷன். அசுர உழைப்பு. ஆனா அவர் படத்துல தெருக்கள் பெரும்பாலும் காலியா இருக்கும். ஆள் இல்லாம இல்லை. அவர் பயன்படுத்தின மெழுகு பூசின காகித நெகட்டிவுக்கு நிமிஷக் கணக்கில் வெளிச்சம் வேணும். நடந்து போறவங்க பதியவே மாட்டாங்க. இன்னைக்கு நாம பூந்தமல்லி ஹை ரோட்ல ட்ரைபாட் போட்டு 30 செகண்ட் ஷட்டரைத் திறந்து வச்சா, வண்டியெல்லாம் மறைஞ்சு வெறும் விளக்குக் கோடு மட்டும் மிஞ்சுதே, அதே கதைதான். ட்ரைப்புக்குப் பட்டப்பகலே நமக்கு ராத்திரி மாதிரி.

ராத்திரிக்குக் கிடைச்ச ஒரு ஆயுதம் மெக்னீசியம் பவுடர். ஜெர்மனியில 1887ல் வந்தது. கொளுத்தினா ஒரு வெடிப்பு, ஒரு வெளிச்சம், அறை முழுக்கப் புகை. நியூயார்க் சேரிகளுக்கு ஜேக்கப் ரீஸ் இதைத் தூக்கிக்கிட்டுப் போய், தூங்கிட்டு இருந்தவங்களை எழுப்பி எடுத்த படங்கள் 1890ல் புத்தகமா வந்து ஊரையே உலுக்கிச்சு. நல்ல காரியம்தான், மறுக்கலை. ஆனா நடுராத்திரியில் முகத்துக்கு நேரா பவுடர் வெடிச்சு முழிச்சவன் கிட்ட "உங்க நன்மைக்குத்தான்"னு சொன்னா என்ன நினைச்சிருப்பான்?

நம்ம ஊர்லயும் இதுக்கு ஒரு முன்கதை இருக்கு, பகல் வெளிச்சத்துல நடந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சம். பல லட்சம் பேர் செத்துப்போன பஞ்சம். மெட்ராஸ் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர், எலும்பும் தோலுமா இருந்தவங்களைக் கூட்டம் கூட்டமா உட்கார வச்சு, நிக்க வச்சு, குடும்பப் படம் எடுக்கிற மாதிரியே எடுத்தார். பஞ்சத்தோட கொடூரம் உலகத்துக்குத் தெரியவந்ததுல அந்தப் படங்களுக்குப் பங்கு உண்டு. ஆனா படத்தை எடுத்துட்டு அந்த ஜனங்களுக்கு ஒண்ணும் செய்யலைங்கிற பழி இன்னைக்கு வரைக்கும் ஹூப்பர் பேரோட ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. பிளாட்பாரத்துல தூங்குறவங்களை இப்பவும் நம்ம ஆளுங்க கறுப்பு வெள்ளையில எடுத்துக் கலைப்படம்னு போடுறாங்க. எனக்கு ஒவ்வொரு தடவையும் ஹூப்பர் ஞாபகம்தான் வரும். தூங்குறவன் கிட்ட அனுமதி கேட்க முடியாது. அதனால எடுக்காதீங்கப்பா.

சரி, மேட்டருக்கு வருவோம். சொல்லாம எடுக்கிற முகப்படம், அதாவது 'கேண்டிட்' சமாச்சாரம், 1920கள்ல வந்த ரெண்டு கேமராக்களால சாத்தியமாச்சு. ஒண்ணு எர்மனாக்ஸ், லென்ஸ் அகலம் எஃப் 2, இன்னொண்ணு 1925ல் வந்த லைக்கா. எர்மனாக்ஸை ஒளிச்சு வச்சுக்கிட்டு எரிக் சாலமன்னு ஒரு ஜெர்மன்காரர் கோர்ட்டு, அரசியல் மாநாடுன்னு நுழைஞ்சு, ஃப்ளாஷ் இல்லாம மந்திரிகள் கொட்டாவி விடுறதைக் கூட எடுத்துட்டார். கேண்டிட் கேமராங்கிற பேரே அவரை வச்சு லண்டன் பத்திரிகை ஒண்ணு கொடுத்ததுதான்.

அதே சமயம் பாரிஸ்ல பிராஸாய் ராத்திரித் தெருக்களை எடுத்துக்கிட்டு இருந்தார். 1930களோட ஆரம்பத்துல வந்த அவரோட புத்தகம் இன்னைக்கும் ராத்திரிப் படக்காரங்களுக்குப் பாடப்புத்தகம் மாதிரி. கையில லைட் மீட்டர் கிடையாது. சிகரெட்டைப் பத்த வச்சு, அது முடியுற வரைக்கும் எக்ஸ்போஷர். கொஞ்சம் வெளிச்சம் இருந்தா ஒரு பிராண்ட், கும்மிருட்டுன்னா மெதுவா எரியுற வேற பிராண்ட் :) ஒரு உண்மையையும் சொல்லிடணும். தற்செயலா எடுத்த மாதிரி தெரியுற அவரோட பல முகப்படங்கள் அப்படி எடுத்தது இல்லை. பழகி, பேசி, "அப்படியே இருங்க"ன்னு சொல்லி எடுத்தது. அதுல தப்பு என்ன இருக்கு? எனக்குப் பிடிச்ச முறையே அதுதான்.

நேர் எதிர்ப்பக்கம் வாக்கர் எவான்ஸ். 1938ல் இருந்து 1941 வரைக்கும் நியூயார்க் சுரங்க ரயில்ல, கோட்டுப் பட்டன் இடுக்குல கேமரா லென்ஸை நீட்டி, சட்டைக் கை வழியா ஒயரை விட்டு, எதிர்ல உட்கார்ந்தவங்களை அவங்களுக்கே தெரியாம எடுத்தார். அற்புதமான முகங்கள். ஆனா புத்தகமா போட்டது 1966ல்தான். கால் நூற்றாண்டு! அரக்கோணம் லோக்கல்ல ராத்திரி பத்தரைக்கு ஜன்னல்ல தலை சாய்ச்சுத் தூங்கிட்டு வர்ற அக்காவை செல்போன்ல எடுத்து, அம்பத்தூர் வர்றதுக்குள்ள இணையத்துல ஏத்துற தம்பிங்க இந்தக் கால் நூற்றாண்டை ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

இங்கே நம்ம ஊர் பெருமை ஒண்ணு. கார்த்தியே ப்ரெஸ்ஸோன் 1950 ஏப்ரல்ல திருவண்ணாமலையில இருந்தார். ஏப்ரல் 14 ராத்திரி 8.47க்கு ரமணர் உயிர் பிரிஞ்ச நேரம், வானத்துல வால் வச்ச மாதிரி ஒரு ஒளி மெதுவா நகர்ந்து போனதைப் பார்த்ததா அவரே சொல்லியிருக்கார். உலகத்திலேயே கைவேகத்துக்குப் பேர் போன போட்டோகிராபர். அந்த ஒளிக்கு மட்டும் படம் இல்லை, வார்த்தைதான் இருக்கு.

இப்ப அம்பத்தூருக்குத் திரும்புவோம். பிலிம் இங்கே கிடைக்காத பொருளா? அதுதான் வேடிக்கை. இந்தியாவுக்குன்னு சொந்தமா பிலிம் செய்ய 1960ல் ஆரம்பிச்ச அரசு நிறுவனம் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். பிரான்ஸ் நாட்டு பவுஷே கம்பெனியோட தொழில்நுட்பம். தாய்த் தொழிற்சாலை ஊட்டியில, குளிர்ச்சியும் தூசி இல்லாத காத்தும் வேணும்னு. 1967ல் உற்பத்தி ஆரம்பம். இன்னொரு தொழிலகம் எங்கே தெரியுமா? நம்ம அம்பத்தூர்ல!

பிராண்ட் பேர் 'இந்து'. மதம் இல்லைங்க, இந்துன்னா நிலா. கறுப்பு வெள்ளை பிலிமுக்கு இதைவிடப் பொருத்தமா யார் பேர் வைக்க முடியும்? பிலிம்ல வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினைப் பூசுறது முழு இருட்டுல நடக்கிற வேலை. சிவப்பு விளக்கு கூட ஆகாது. பட்டப்பகல்ல ராத்திரிக்குள்ள போய் வேலை பார்த்த தொழிலாளிங்க அவங்க. எக்ஸ்ரே, சினிமா, போட்டோ பேப்பர் எல்லாம் செஞ்சாங்க. ஆனா கலர் பிலிமைச் சொந்தமா தயாரிக்கிற நிலைக்கு வரவே இல்லை. வெளிநாட்டுல இருந்து பெரிய உருளையா வாங்கி வெட்டிப் பெட்டியில போட்டு வித்தாங்க. கலர் லேப் தெருவுக்குத் தெரு வந்தது, பாலியெஸ்டர் எக்ஸ்ரே திட்டத்துக்கு வாங்கின கடன் கழுத்தை நெரிச்சது, 1990கள்ல இறக்குமதிக் கதவும் திறந்தது. நலிவடைந்த நிறுவனம்னு முத்திரை விழுந்து, இழுத்துப் பறிச்சு, 2010கள்ல கதை முடிஞ்சது.

ஆக, பிலிம் கம்பெனி இருந்த ஊர்ல ராத்திரிப் படம் இல்லை. என் கணிப்பு இதுதான். ஒரு ரோல்ல 36 படம். வாங்குற செலவு, கழுவுற செலவு, பிரிண்ட் செலவு. காதுகுத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் சேர்த்து வச்சுத்தான் ஜனங்க ஒரு ரோல் வாங்குவாங்க. அதுல தெருவிளக்கை எடுத்தா வீட்டுல உதைதான் விழும். துணிஞ்சு எடுத்தாலும் டியூப்லைட் வெளிச்சத்துல பகல்நேர கலர் பிலிம் முகத்தையெல்லாம் பாசி பிடிச்ச பச்சையாக்கிடும். ஸ்டூடியோவிலோ 'கொஞ்சம் தாடையைத் தூக்குங்க' கலாசாரம். சிரிக்காத முகம்தான் மரியாதையான முகம்.

இன்னொரு காரணம் ஆவடிக்கே உரியது. டாங்க் ஃபேக்டரி, ராணுவ உடைத் தொழிற்சாலை, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். எல்லாம் அடுத்தடுத்து. 1923ம் வருஷத்து அரசு ரகசியச் சட்டப்படி பாதுகாப்பு வளாகங்களைப் படம் எடுக்கிறது குற்றம். மதில் எங்கே முடியுது, தெரு எங்கே ஆரம்பிக்குதுன்னு சாமானியனுக்குத் தெரியுமா? கேமராவே வேண்டாம்னு இருந்துட்டாங்க. நியாயம்தான். ஆனா நஷ்டம் நமக்கு. மூணு ஷிப்ட்ல அந்த டாங்கைச் செஞ்சவங்க வீட்டு ஆல்பத்துல அவங்க வேலை பார்த்த ஊரே இல்லை.

டிஜிட்டல்தான் இதை உடைச்சது. 2007ல் வந்த நிக்கான் டி3 ஐ.எஸ்.ஓ. 6400ல் சாதாரணமா எடுத்தப்போ ராத்திரிக்காரங்களுக்கு தீபாவளி. 2018ல் கூகுள் பிக்சல்ல நைட் சைட் வந்ததும் ட்ரைபாட் கூட வேண்டாம்னு ஆச்சு. நிறைய படங்களை அடுக்கடுக்கா எடுத்து ஒண்ணா சேர்த்து இருட்டைத் துடைச்சுடுது. சில சமயம் ரொம்பவே துடைச்சு, ராத்திரியைச் சாயங்காலமாக்கிடுது. எனக்கு அது பிடிக்கலை. இருட்டு இருட்டா இருந்தாத்தானே ராத்திரி?

என் வழி எளிமை. 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, ஐ.எஸ்.ஓ. 1600, 60ல் ஒரு பங்கு செகண்ட். பரோட்டாக் கடை வாசல் டியூப்லைட்டை மிஞ்சின ஸ்டூடியோ லைட் கிடையாது. மாஸ்டர் மாவு வீசுறப்ப பக்கவாட்டுல நின்னா பாதி முகம் வெளிச்சம், பாதி நிழல். முதல் நாள் கேமராவை எடுக்கவே மாட்டேன், சாப்பிட்டுட்டு வந்துடுவேன். மூணாவது நாள் "அண்ணே, ஒண்ணு எடுத்துக்கட்டுமா"ன்னு கேட்பேன். அவர் சரின்னு சொல்லிட்டு, பத்து நிமிஷத்துல என்னை மறந்துடுவார். அப்ப எடுக்கிறதுதான் படம். பிரிண்ட் போட்டு அவர் கையில கொடுக்காத படத்தை நான் எங்கேயும் போடுறது இல்லை.

ஒரு அவசரமும் இருக்கு. நாம வளர்ந்த ராத்திரியோட நிறம் ஆரஞ்சு, சோடியம் விளக்கு. அந்த வெளிச்சத்துல சிவப்புச் சட்டையும் பச்சைச் சட்டையும் ஒரே மாதிரி பழுப்பாத்தான் தெரியும், அதனால நிறைய பேர் கறுப்பு வெள்ளைக்கு மாத்திடுவாங்க. இப்ப தெருத்தெருவா வெள்ளை எல்.ஈ.டி. வந்தாச்சு. தொழிற்பேட்டைப் பக்கம் ரெண்டு மூணு சந்துல பழைய விளக்கு இன்னும் எரியுது. கழட்டுறதுக்குள்ள இந்த மாசக் கடைசியில் ரெண்டு ராத்திரி போறதா இருக்கேன். கூட வர்றவங்க சொல்லுங்க. ட்ரைபாட் ஒண்ணு உபரியா இருக்கு, டீ செலவு என்னுது. வரும்போது வீட்டு ஆல்பத்தையும் ஒரு புரட்டுப் புரட்டிட்டு வாங்க :)