கச்சியில் அரவு பூசித்த வரலாறும் அதன் உட்பொருளும்

மக்கள் அஞ்சுவதும் பாம்பினை, வணங்குவதும் பாம்பினை. ஒருங்கே அச்சத்திற்கும் வழிபாட்டிற்கும் உரியதாய் நின்ற உயிர் இதனைப்போல் உலகிற் பிறிதொன்று உளதோ என்பது ஐயமே. அரசும் வேம்பும் இணைந்து நிற்கும் மேடையிலே நாகக்கல் நாட்டி, மஞ்சளும் குங்குமமும் அணிவித்து, பாலூற்றி வலம் வருகின்றோம். அம்மேடையினின்று வீடு திரும்பும் வழியில் உயிருள்ள நாகம் ஒன்று குறுக்கிடுமாயின் கல்லும் கழியும் தேடுகின்றோம். இம்முரண்பாட்டினைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே கன்னட நாட்டுப் பசவர் தம் வசனமொன்றிற் சுட்டிக் கடிந்துள்ளார். எண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் அக்கடிந்துரைக்கு நாம் விடை கூறினோம் அல்லேம்.

அரவு வழிபாடு அச்சத்திற் பிறந்த பழவழக்கம் என்பார் ஒருசாரார். அஃது யோக மறையொன்றின் குறியீடு என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டனுள் எது பொருந்தும்? அன்றி, இரண்டினும் வேறாய் ஓர் உண்மை உளதோ? இதனை ஆராய்தற்குக் காஞ்சிமாநகரினும் ஏற்றதோர் இடம் இல்லை. சைவமும் வைணவமும் சமணமும் பௌத்தமும் அடுத்தடுத்து வாழ்ந்த அந்நகரில், அந்நான்கு நெறியினுள்ளும் பாம்பு இடம்பெற்றிருந்தது.

நாகரும் கச்சி அரசரும்

கச்சியை ஆண்ட பல்லவர் தம் குலவரலாற்றினையே நாகத்தொடு பிணைத்துக் கூறினர். மூன்றாம் நந்திவர்மன் காலத்து வேலூர்ப்பாளையச் செப்பேடு, அக்குலத்து வீரகூர்ச்சன் என்பான் நாகர்தலைவன் மகளை மணந்து, அவளொடு அரசுரிமைச் சின்னங்களையும் எய்தினான் என்று புகழ்கின்றது. மணிமேகலைக் காப்பியமோ, சோழ வேந்தன் ஒருவன் நாகநாட்டு அரசன் மகள் பீலிவளையைக் கண்டு காதலித்ததனையும், அவள் ஈன்ற மகன் கடலில் மரக்கலம் உடைந்து காணாமற்போனதனையும் கூறும். அக்காப்பியத் தலைவி இறுதியில் அறவண அடிகள்பால் அறங்கேட்டுத் தெளிந்ததும் இக்காஞ்சியிலேயே ஆகும்.

இவற்றிலிருந்து நாகர் என்பார் ஒரு மக்கட் கூட்டத்தினர் என்றும், பாம்பினைத் தம் குலக்குறியாகக் கொண்டமையால் அப்பெயர் பெற்றனர் என்றும் வரலாற்றறிஞர் பலர் கருதுவர். அக்கருத்து ஏற்கத்தக்கதே எனினும், வழிபாடு எவ்விடத்துத் தோன்றியது என்பதனை மட்டுமே அஃது உணர்த்தும். தோன்றிய வழிபாடு எப்பொருளை எய்தி நிலைத்தது என்பது வேறு வினா. ஆற்றின் பெருமை ஊற்றளவில் அடங்காதன்றோ?

பிற நெறிகளில் அரவு

காஞ்சிக்கு அணித்தே வேகவதிக் கரையில் திருப்பருத்திக்குன்றம் உள்ளது. சினகாஞ்சி எனப் பெயர்பெற்ற அவ்வூர் சமணர் போற்றும் பழம்பதியாம். அவர்தம் தீர்த்தங்கரர் இருபத்துநால்வருள் இருபத்துமூன்றாமவராகிய பார்சுவநாதர் தவத்தில் நின்றபோது, பகைவன் பெருமழையும் கல்லும் சொரிய, தரணேந்திரன் என்னும் நாகவரசன் தன் படத்தை விரித்துக் காத்தான் என்பர். ஆதலின் பார்சுவநாதர் திருவுருவம் நாகப்படத்தின் கீழ் அமைந்திருக்கும். கழுகுமலைப் பாறைச் சிற்பத்தில் இக்காட்சியை இன்றும் காணலாம். பௌத்தரும் இதனையொத்த வரலாறு ஒன்று கூறுவர். போதியின்கீழ் மெய்யுணர்ந்த புத்தர் தியானத்தில் இருந்தபோது, முசலிந்தன் என்னும் நாகம் ஏழு சுற்றாக அவரைச் சூழ்ந்து, ஏழு நாள் மழையினின்றும் காத்தது என்பதே அது.

வைணவத்திலும் பாம்பு பணிசெய்யும் பொருளே. காஞ்சித் திருவெஃகாவில் திருமால் அரவணைமேற் பள்ளிகொண்டு, சொன்னவண்ணம் செய்த பெருமாள் எனப் பெயர் பெற்றார். திருமழிசையாழ்வாரின் சொற்கேட்டு, பாம்பாகிய பாயைச் சுருட்டிக்கொண்டு ஊரைவிட்டு அவர்பின் சென்றார் என்பது அத்தல வரலாறு. உலகளந்த பெருமாள் கோயிலின் ஊரகத்திலோ, மாவலியின் பொருட்டுத் திருமாலே அரவுருவில் எழுந்தருளினார் என்பர்.

கடல்கடந்த நாடுகளை நோக்கின், கிரேக்கர் தம் மருத்துவத் தெய்வமாகிய அசுக்கிலேப்பியன் கையில் பாம்பு சுற்றிய கோலினைக் கொடுத்தனர். மருத்துவத் தொழிலின் அடையாளமாக அக்கோல் இன்றளவும் வழங்குகின்றது. எகிப்திய மன்னர் முடியில் படமெடுத்த நாகம் காவலாக நின்றது. யூதர் மறையில் ஏவாளை மயக்கியதும் பாம்பே. பாலைவனத்திற் கடியுண்டார் நோக்கி உய்யுமாறு மோசே உயர்த்தியதும் வெண்கலப் பாம்பே. பிற்காலத்து மக்கள் அவ்வெண்கலப் பாம்பிற்கே தூபங்காட்டத் தொடங்கினமையால் எசேக்கியா என்னும் அரசன் அதனை உடைத்தெறிந்தான் என்றும் அம்மறை கூறும்.

இவ்விறுதி வரலாறு நம்மால் ஊன்றி நோக்கத்தக்கது. பொருளை உணர்த்த வைத்த குறி, உணர்த்தப்படும் பொருளை மறைத்துத் தானே தெய்வமாயின், அவ்வழிபாடு பயனிழந்துபோம். நம் நாட்டு நாகவழிபாட்டிற்கும் இவ்விடர் உண்டோ என்று ஆராய்தல் நம் கடனாகும்.

பூசிக்கப்பட்ட பாம்பன்று, பூசித்த பாம்பு

சைவத் தலவரலாறுகளை நோக்குவார்க்கு ஒருண்மை தெற்றென விளங்கும். பெரும்பாலும் அவற்றிற் பாம்பு வழிபடப்படும் பொருள் அன்று, வழிபடும் உயிர். சீகாளத்தி என்னும் பெயரிலேயே சிலந்தியும் பாம்பும் யானையும் அடியவராய் அமைந்தன. திருப்பாம்புரத்தில் ஆதிசேடன் பூசித்தான் என்பர். தில்லையில் ஆனந்தக்கூத்தினைக் காணும் வேட்கையால் அவ்வாதிசேடனே பதஞ்சலியாய் வந்து, புலிக்கால் முனிவரொடு தவங்கிடந்த வரலாற்றினை உமாபதிசிவாசாரியார் கோயிற்புராணத்தில் விரித்தருளினார்.

காஞ்சியிலும் இங்ஙனமே. மாகாளன் என்னும் நாகம் பூசித்த இடம் மாகாளேச்சரம். பாம்புகள் கூடிப் பூசித்த இடம் பணாதரேச்சரம். பணம் என்பது படம். பணாதரம் என்பது படத்தைத் தரித்த பாம்பு. கருடனால் தம் இனம் அழிவது கண்டு அஞ்சிய நாகங்கள் கச்சியை அடைந்து, இலிங்கம் தாபித்து இறைவனை அருச்சித்து நின்றன. இறைவன் இரங்கி அவற்றைத் தன் திருமேனியில் அணிகலமாகப் பூண்டருளினான். அரனார் கழுத்திலிருந்த பாம்பு கருடனை நோக்கி நலம் உசாவிற்று என்று நம் வீடுகளில் முதியோர் கூறும் சிறுகதையும் இக்கருத்தினை அடியொற்றியதே.

இவ்வூர்க் குமரகோட்டத்திருந்து கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணம் மற்றொரு வரலாற்றினை உரைக்கும். தாருகவனத்து முனிவர் கருமமே பயன்தரும், இறைவன் வேண்டா என்று செருக்கி, தம் வேள்வித்தீயினின்று புலியையும் மழுவையும் பாம்புகளையும் எழுப்பிச் சிவபிரான்மேல் ஏவினர். அவன் புலித்தோலை உடுத்தான், மழுவை ஏந்தினான், பாம்புகளை அணிந்தான். அடைக்கலமாக வந்த பாம்பும் அணியாயிற்று. கொல்ல வந்த பாம்பும் அணியாயிற்று. வந்த நோக்கம் வேறாயினும் சென்று சேர்ந்த இடம் ஒன்றாதலின் எய்திய நிலையும் ஒன்றாயிற்று.

சித்தாந்தம் காட்டும் உட்பொருள்

காஞ்சிப்புராணத்தின் முதற்காண்டத்தை இயற்றியவர் மாதவச் சிவஞான சுவாமிகள். 1785-ஆம் ஆண்டிற் சிவப்பேறு எய்திய அப்பெரியாரே சிவஞானபோதத்திற்கு மாபாடியம் கண்டவர். ஆதலின் புராணத்தில் வரும் அரவிற்கும் சாத்திரத்தில் வரும் அரவிற்கும் தொடர்பு காண்டல் பொருந்தும்.

சாத்திரங்களுள் அரவு மூன்றிடத்து உவமையாயும் பெயராயும் வரும். தோலுரிக்கும் பாம்பினை மெய்கண்டார் இரண்டாஞ் சூத்திரத்திற் காட்டினார். பாம்பு சட்டையைக் கழற்றிவிட்டுத் தான் நிற்றல்போல, உயிர் பருவுடம்பைக் கழற்றி நுண்ணுடம்பொடு செல்லும் என்பது கருத்து. நெய்தல் தொழிலாற் புகழ்பெற்ற கச்சியில், உடுத்ததும் களைவதும் உடையே, உடுத்தவன் வேறு என்பதனை விளக்கவும் வேண்டுமோ? இரண்டாவது, சுத்தமாயையைக் குண்டலி என்றும் குடிலை என்றும் வழங்குதல். சுருண்டிருப்பது என்பது இப்பெயர்களின் பொருள். நாத விந்துக்களும் நால்வகை வாக்கும் இதனின்று தோன்றும். ஆயினும் அது சடமே. சித்தாகிய சிவசத்தி அன்று. எனவே குண்டலியையே முடிந்த முடிபாகக் கொள்வாரொடு சித்தாந்தம் உடன்படுவதில்லை.

மூன்றாவது உவமையே ஈண்டைக்கு இன்றியமையாதது. கருடனைப் பாவிக்கும் மாந்திரிகன் நோக்கினால் நஞ்சு தீர்வதுபோல, சிவோகம் பாவனையால் மலம் நீங்கும் என்று சித்தியார் ஒன்பதாஞ் சூத்திரத்துள் கூறும். மாந்திரிகன் கருடனாகிவிடுவதில்லை, எனினும் அப்பாவனையில் அழுந்துதலால் கருடன் செய்யுங் காரியம் அவன்பால் நிகழும். அங்ஙனமே உயிர் சிவமாகிவிடுவதில்லை; சிவத்தொடு ஒன்றி நிற்றலால் மலவலி கெடப்பெறும்.

அற்றேல், இறைவன் கழுத்திற் கிடக்கும் பாம்பிற்கு நஞ்சு உண்டோ, இன்றோ என்று வினவலாம். நஞ்சு உண்டு, எவ்வரலாறும் அதன் பல்லைப் பிடுங்கியதாகக் கூறவில்லை. நஞ்சு இருந்தும் தீங்கு இல்லை. திருச்சடையிலே, தன்னை விழுங்கும் பகையென அஞ்சப்படும் அரவின் அருகே பிறைமதி அச்சமின்றி வாழ்கின்றது. ஆணவமலத்தைப் பற்றிச் சித்தாந்தம் கூறுவதும் இதுவே. உயிர்க்கு ஆணவம் செம்பிற் களிம்புபோல அனாதியே உடன்நிற்பது. முத்தியில் அம்மலம் அழிந்தொழிவதில்லை. அதன் சத்தியே மடங்கும். ஞாயிற்றின்முன் இருள்போல, இருந்தும் தன் தொழில் செய்யமாட்டாது கிடக்கும். நுண்ணிய இம்முடிபினைக் கல்லாதாரும் கண்ணாற் கண்டு தெளியும்படி வைத்த வடிவமே இறைவன் அணிந்த அரவு. அது நம்மையே குறிக்கும். நஞ்சொடு பிறந்த உயிர், நஞ்சு தீர்ந்த பின்னர் வருக என்று விலக்கப்படாமல், உள்ளவாறே ஏற்கப்பட்டு, திருமேனிக்கு அணியாகும் பேற்றினை அவ்வுருவம் உணர்த்துகின்றது.

நாம் செய்யத்தக்கன

இவ்வுண்மை தெளிந்தார்க்கு நாகவழிபாடு அச்சத்தின்பாற் படாது. சாதகத்தில் நாகதோடம் உண்டென்று கேட்ட அளவில் மகளின் மணம் நின்றதென்று வெதும்பும் பெற்றோர் நம்மிடையே பலர். திருஞானசம்பந்தர் மறைக்காட்டினின்று மதுரைக்கு எழுந்தருளப் புறப்பட்டபோது, கோளும் நாளும் தீய என்று தடுத்த நாவரசர்க்கு விடையாகக் கோளறு பதிகம் பாடினார். அதனுள் ஏனைக் கோள்களொடு இராகு கேதுவாகிய பாம்பிரண்டும் அடியார்க்கு நல்லனவே என்று அருளிச்செய்தார். அவ்வாணையை நம்புவோர், ஒரு பெண்ணின் வாழ்வினைப் பாம்பின் பெயரால் தடுத்தல் தகுமோ?

உயிருள்ள பாம்பினிடத்தும் நம் ஒழுக்கம் திருந்துதல் வேண்டும். பால் பாம்பின் இயற்கையுணவு அன்று. புற்றிற் பாலூற்றுதலால் அதற்கு நன்மையில்லை. பிடித்துப் பட்டினியிட்டுப் பாலருந்தச் செய்தல் கொடுமையேயாம். அதனை வாழவிடுதலே அதற்குச் செய்யும் பூசை. அதே வேளை அதன் நஞ்சினை எளிதாகக் கருதுதலும் கூடாது. 2000 முதல் 2019 வரையுள்ள இருபதாண்டுகளில் இந்நாட்டிற் பாம்புக்கடியால் ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் பேர் மாண்டனர் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். அப்பூதியடிகளார் மைந்தனை நாவரசரும், திருமருகலில் வணிகனைச் சம்பந்தரும் எழுப்பியது திருவருளின் செயல். அவ்வருளே இக்காலத்து மாற்றுமருந்தாயும் வந்துளது என்று கொண்டு, கடியுண்டாரைக் காலந்தாழ்க்காது மருத்துவமனை சேர்ப்பித்தலே அன்பர் கடமை.

அம்மாற்றுமருந்தின் வரலாறும் நம் தொண்டைநாட்டிற்கு உரியதே. பாம்பினைக் கொன்று தோலுரித்து விற்கும் தொழில் 1970-களிற் சட்டத்தால் தடைப்பட, அதனால் வாழ்ந்த இருளர் குடியினர் 1978-ஆம் ஆண்டில் ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டனர். செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கினையும் கொல்லாது பிடித்துவந்து, நஞ்சினை மட்டும் வாங்கிக்கொண்டு, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சினைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலிற் செலுத்தி, அதன் குருதியினின்று மருந்து ஆக்குவர். தோலின் பொருட்டுக் கொன்ற கையே காக்கும் கையாயிற்று. உயிர்போக்கும் நஞ்சே உயிர்தரும் மருந்தாயிற்று.

கச்சி செல்லும் அன்பர்கள் ஏகம்பத்தையும் காமக்கோட்டத்தையும் குமரகோட்டத்தையும் வழிபட்டபின், அரவங்கள் பூசித்த சிறுகோயில்களையும் தேடிச்சென்று வணங்குவார்களாக. அங்கே நாகக்கல்லைக் காணும்போது இது நமக்கு என்ன தீங்கு செய்யுமோ என்று நடுங்காது, நம் நஞ்சினை எங்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதனை நமக்கு முன்னரே அறிந்துகொண்ட அடியார் இவர் என்று எண்ணிக் கைகூப்புவார்களாக.

திருச்சிற்றம்பலம்.