அமெரிக்க மசில் கார்களின் பாகப் பரிமாற்றம்

அமெரிக்க மசில் கார்களின் பாகப் பரிமாற்றம் என்பது, 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் ஐக்கிய அமெரிக்காவில் உற்பத்தியான ஆற்றல் மிகுந்த வி8 எஞ்சின் கார்களில், பழுதடைந்த அல்லது காணாமற்போன பாகத்திற்கு மாற்றாக வேறு ஆண்டையோ வேறு மாதிரியையோ சேர்ந்த காரின் பாகத்தைத் தேடிப் பொருத்துவதாகும். 1964 இல் வெளிவந்த பாண்டியாக் ஜிடிஓ இவ்வகைக் கார்களின் முன்னோடியாகப் பொதுவாகக் கருதப்படுகிறது.

பொருந்தும் பாகங்கள்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஒரே அடிப்படை அமைப்பைப் பல பெயர்களில் விற்றது. 1964 முதல் 1972 வரையிலான செவ்ரோலெட் செவெல், பாண்டியாக் ஜிடிஓ, ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ், ப்யூக் ஸ்கைலார்க் ஆகியவை "ஏ-பாடி" எனப்படும் அமைப்பைச் சார்ந்தவை. இதனால் சஸ்பென்ஷன் பாகங்கள் பலவற்றை இவற்றுக்கிடையே மாற்றிக்கொள்ள முடியும். எஞ்சின்கள் அவ்வாறல்ல. கியர்பெட்டி இணையும் முகப்பிலுள்ள திருகாணித் துளைகளின் அமைவு, செவ்ரோலெட் எஞ்சினில் ஒருவிதமாகவும் மற்ற மூன்றின் எஞ்சின்களில் வேறுவிதமாகவும் உள்ளது.

பரிமாற்றத்திற்கு மிகவும் பெயர்பெற்றது, 1955 இல் 265 கன அங்குலக் கொள்ளளவுடன் அறிமுகமான செவ்ரோலெட் "ஸ்மால் பிளாக்" எஞ்சின் ஆகும். பின்னர் வந்த 283, 327, 350, 400 ஆகியவற்றிலும் சிலிண்டர் மையங்களுக்கு இடையிலான தொலைவு 4.4 அங்குலமாகவே இருந்தது. 350 எஞ்சினின் சிலிண்டர்களை 0.030 அங்குலம் கடைந்து, 400 எஞ்சினின் கிராங்க் தண்டைப் பொருத்தினால் 383 கன அங்குலம் கிடைக்கும். இதற்குத் தண்டின் முதன்மைத் தாங்கு பகுதிகளை 2.65 அங்குலத்திலிருந்து 2.45 அங்குலமாகத் தேய்க்க வேண்டும். 400 இன் தண்டு வெளிப்புறமாகச் சமன்செய்யப்பட்டது. அதற்குரிய முன் டாம்பரையும் ஃப்ளைவீலையும் விட்டுவிட்டால் எஞ்சின் அதிர்ந்து தாங்கிகள் கெடும். 1986 இல் பின்புற எண்ணெய்த் தடுப்பு ஒற்றைத் துண்டாக மாறியதால், அதற்குப் பிந்தைய தண்டுகள் பழைய பிளாக்குகளில் நேரடியாகப் பொருந்துவதில்லை.

கிறைஸ்லரின் 383, 440 எஞ்சின்களின் சிலிண்டர் தலைகள் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆனால் 440 இன் பிளாக் உயரமானது. ஆகவே இன்டேக் மேனிஃபோல்டு பொருந்தாது. ஃபோர்டு நிறுவனமே இத்தகைய கலப்பைச் செய்துள்ளது: 1969, 1970 ஆம் ஆண்டுகளின் பாஸ் 302 எஞ்சின், விண்ட்சர் குடும்பப் பிளாக்கின் மீது கிளீவ்லாந்து வகைத் தலைகளைக் கொண்டது.

எண்களும் ஐயங்களும்

பாகங்கள் எளிதில் பொருந்துவதே இக்கார்களின் அடையாளத்தை ஐயத்திற்குரியதாக்குகிறது. தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட எஞ்சினையே கொண்ட கார் "எண் பொருந்தியது" எனப்படும். மாற்று எஞ்சின் கொண்டதைவிட அதன் விலை பெரிதும் கூடுதலாகும்.

வார்ப்பு எண் மட்டும் சான்றாகாது. செவ்ரோலெட்டின் 3970010 என்ற வார்ப்பு எண், 1969 கமேரோ இசட்/28 இன் 302 எஞ்சினிலும், 1970களின் சாதாரண 350 எஞ்சின்களிலும் காணப்படுகிறது. வார்ப்புத் தேதியில் ஆண்டின் இறுதி இலக்கம் மட்டுமே இடம்பெறுவதால், "சி 14 9" என்பது 1969 மார்ச் 14 ஆகவும் இருக்கலாம், 1979 மார்ச் 14 ஆகவும் இருக்கலாம்!

1968 மாதிரி ஆண்டிலிருந்து காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியை எஞ்சினிலும் பொறிப்பது பொது வழக்காயிற்று. செவ்ரோலெட் வி8 இல் இது வலப்பக்கச் சிலிண்டர் தலைக்கு முன்னுள்ள சிறு தளத்தில் இருக்கும். தலை அமரும் மேற்பரப்பைச் சமன்படுத்தக் கடையும்போது, கவனக்குறைவால் இப்பொறிப்பும் அழிந்துவிடுவதுண்டு. அத்துடன், அழிந்த இடத்தில் புதிய எண்ணைப் பொறித்து ஏமாற்றுவோரும் உள்ளனர். எண்ணுடன் அசல் எந்திரக் கடைசலின் நுண்கோடுகளும் ஆராயப்படுவது இதனாலேயே.

காரின் அடையாள எண்ணும் எப்போதும் உதவுவதில்லை. 1966 முதல் 1968 வரை செவெல் எஸ்எஸ் 396 கார்களின் எண் 138 எனத் தொடங்கியது. 1969 இல் எஸ்எஸ் ஒரு விருப்பத் தொகுதியாக மாறியபின், வி8 எஞ்சின் கொண்ட சாதாரண மாலிபுவின் எண்ணும் எஸ்எஸ் காரின் எண்ணும் 136 என்றே தொடங்கின. ஆகவே அவ்வாண்டுக் காரை வாங்குவோர், தொழிற்சாலைத் தொழிலாளர் பயன்படுத்திய தயாரிப்புத் தாளைத் தேடுகின்றனர். அது பெரும்பாலும் எரிபொருள் தொட்டியின் மேலோ, இருக்கையின் சுருள்விற்களுக்கு இடையிலோ சிக்கியிருக்கும்.