இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் கார்புரேட்டர்: எங்கே சரி, எங்கே வீண்

1973-ல் வந்த சதுர உடம்பு செவர்லே பிக்கப்பை அமெரிக்காவில் இன்றும் ஓட்டுகிறார்கள். அதன் எஞ்சின் ஓய்ந்தால், வண்டி உடைக்கும் யார்டில் முதலில் தேடுவது 350 கன அங்குல வி8-ஐத்தான். 1987–95 டிரக்கிலிருந்து இறக்கியது கிடைத்தால், அதன் உச்சியில் கார்புரேட்டர் இருக்காது. டிபிஐ எனப்படும் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் இருக்கும். அப்படியே மாட்டுவதா, கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் வைப்பதா?

ஏர் ஃபில்டரைத் தூக்கிப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மேனிஃபோல்டின் நடுவே, காற்று இறங்கும் வாயிலேயே பெட்ரோல் சேர்வது இரண்டுக்கும் பொது. எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்வதில்தான் வித்தியாசம். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தைக் காற்று கடக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு ஃப்ளோட் தொட்டியிலிருந்து ஜெட் வழியே பெட்ரோலை உறிஞ்சுகிறது. டிபிஐயில் மேனிஃபோல்டு அழுத்தம், தண்ணீர்ச் சூடு, புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜன் ஆகியவற்றைப் பார்த்துக் கம்ப்யூட்டர் இரண்டு இன்ஜெக்டர்களைத் திறந்து மூடுகிறது.

குளிர்ந்த காலையில் இது கண்கூடாகத் தெரியும். டிபிஐ வண்டியில் சாவியைத் திருப்பினால் பம்ப் 2 விநாடி ரீங்கரிக்கும், ஸ்டார்ட் ஆகிவிடும். கார்புரேட்டர் வண்டியில் பெடலை ஒரு முறை மிதித்துச் சோக் தகட்டை மூட வேண்டும், ஸ்டார்ட் ஆனபின் சூடேறும் வரை உறுமவிட வேண்டும். சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வருக்கு ஏறினால் காற்று மெலியும். டிபிஐ தானே பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும்; சமவெளிக்கு ஜெட் போட்ட கார்புரேட்டர் பெட்ரோலை அதிகமாகவே ஊற்றும்.

இப்படி ஓட்டத்தில் டிபிஐதான் மேல். ஆனால் 70-களின் வண்டிக்கு அது தன் குடும்பத்தையே கூட்டி வரும்: வயரிங், கம்ப்யூட்டர், சென்சார்கள், டேங்குக்குள் மின் பம்ப், மிஞ்சிய பெட்ரோல் திரும்பும் குழாய். யார்டில் யாரோ வெட்டியெடுத்த 30 வயது வயரிங்கில் உறை வெடித்திருக்கும், எர்த் பச்சை பூத்திருக்கும். இன்ஜெக்‌ஷனைத் திட்டுபவர்களில் பலர் உண்மையில் திட்டுவது இந்த வயரிங்கைத்தான். எஞ்சினை மட்டும் வாங்கிப் பழைய பிக்கப்பில் இறக்குபவருக்கு, என் கணிப்பில், கார்புரேட்டரே சரி. சொந்த வயரிங்கோடு ஓடும் 1990 டிரக்கில் டிபிஐயைக் கழற்றுவது வீண். பழுதான சென்சாரைத் தேடி மாற்றினால் போதும்.

மாற்றுபவர் முதலில் இடறுவது மேனிஃபோல்டில். 1987–95 இரும்பு ஹெட்டுகளில் நடு போல்டுகளின் கோணம் வேறு. 70-களின் மேனிஃபோல்டு அதில் உட்காராது. அந்த ஆண்டுகளுக்கென்றே வார்த்த கார்புரேட்டர் மேனிஃபோல்டு வாங்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரும் போக வேண்டும். டிபிஐயுடையதில் தீப்பொறி நேரத்தை முன்தள்ளக் கம்ப்யூட்டர்தான் உண்டு, வேக்யூமும் எடைகளும் கிடையாது. பழைய எச்இஐ டிஸ்ட்ரிபியூட்டர் போட்டால் ஒரு 12 வோல்ட் வயரில் வேலை முடியும். பெட்ரோல் அழுத்தத்தை மறக்கவே கூடாது. டிபிஐ பம்ப் தரும் 9 முதல் 13 பிஎஸ்ஐ, 5 முதல் 7 போதுமான கார்புரேட்டரின் ஊசி வால்வைத் தள்ளித் திறந்து பெட்ரோலை வழியவிடும். சூடான எஞ்சின் மேல் அது நெருப்பு.

பெரிய கார்புரேட்டர் மீது பலருக்கு ஆசை. 350 கன அங்குலத்தை 5,000 சுற்றால் பெருக்கி 3,456-ஆல் வகுத்தால், நிமிடத்துக்கு 506 கன அடி காற்று, 600 தாராளம். டிபிஐ ஹெட்டின் சுழல் போர்ட் கீழ்ச்சுற்று இழுவைக்காகச் செய்தது. மேலே என்ன வைத்தாலும் உயர் சுற்றில் அதுவே மூச்சைப் பிடிக்கும்.

கலிபோர்னியாவில் சட்டமே முடிவெடுத்துவிடுகிறது. 1975 வரையிலான வண்டிகளுக்குப் புகைச் சோதனை இல்லை. 1978 பிக்கப்பில் 1990 எஞ்சின் வைத்தால், அந்த எஞ்சினின் புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகள் முழுக்க இருந்தாக வேண்டும்.

பிறகு கியர்பாக்ஸ். டிஎச்350 என்றால் கவலையில்லை. 700ஆர்4 என்றால் அதன் கேபிள் கார்புரேட்டரின் த்ராட்டில் கையில் சரியான கோணத்தில் மாட்ட வேண்டும். இழுப்புக் குறைந்தால் உள்ளே எண்ணெய் அழுத்தம் விழுந்து கிளட்ச் தட்டுகள் கருகும். எஞ்சினோடு 1993-க்குப் பிந்தைய 4எல்60இ வந்திருந்தால் கியர் மாற்றுவதே கம்ப்யூட்டர்தான். அதைக் கழற்றியவர் கியர்பாக்ஸுக்கென்று தனிக் கன்ட்ரோலர் வாங்க வேண்டும். அந்தப் பணத்துக்கு டிபிஐயையே சீர் செய்துவிடலாம்.